வலியும் வீரமும்

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கரை இன்றும் நாம் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறோம். நினைவுகூரத் தகுந்த ஆட்டம்தான். ஆனால் வலியோடு ஆடுவதே வீரம் என்று அதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் மறுபரிசீலனைக்குரியது.

வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் அவரது கீழ்முதுகு ஒருசேர வளைந்து திருகி, உடல் எடையைவிடப் பலமடங்கு விசையைத் தாங்குகிறது. ஒரு பந்தால் கேடில்லை. ஓய்வின்றி வீசப்படும் பந்துகள் சேர்ந்தே முள்ளெலும்பில் விரிசலாகின்றன. எலும்பு கூடுவதற்குக் காலம் வேண்டும். மனவுறுதி அக்காலத்தைக் குறைப்பதில்லை.

1973இல் டென்னிஸ் லில்லிக்கு இவ்விரிசல்தான் நேர்ந்தது. வாரக்கணக்கில் மாவுக்கட்டு, பிறகு மாதக்கணக்கில் பொறுமையான உடற்பயிற்சி. 1974-75 ஆஷஸ் தொடரில் 25 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஓய்வுபெறுகையில் கணக்கு 355. காத்திருந்ததும் பயிற்சிதான்.

பும்ரா 2023இல் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150க்கும் மேற்பட்ட ஓவர்கள் வீசி 32 விக்கெட்டுகள் எடுத்தார். சிட்னியின் கடைசி இன்னிங்ஸில் பந்தைத் தொடவே முதுகு இடங்கொடுக்கவில்லை. அதன்பின் 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டும் அவர் ஆடியபோது, அவரது ஈடுபாட்டையே ஐயுற்றோர் நம்மிடையே உண்டு. முறிந்த முதுகைப் போற்றவும் முறியாமல் காப்பதைப் பழிக்கவும் பழகிய ரசனை நம்முடையது. ஆடாத அந்த இரு டெஸ்டுகளையும் அவரது உழைப்பின் கணக்கிலேயே நாம் எழுதவேண்டும்.