கணக்குக் கேட்பது குற்றமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தபின் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஹவுளுக்கு மோட்டார் வாங்கியது எவ்வளவு, பாய்க்குக் கொடுத்தது எவ்வளவு, முஅத்தின் சம்பளம் எவ்வளவு என்று வரிவரியாகக் கேட்கிறோம். ஏதேனும் ஒரு செலவு மிகையாகத் தோன்றினால் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "முத்தவல்லி சாஹிப், போன வருஷம்தானே வெள்ளையடித்தோம்?" என்று கேட்டுவிடுகிறார். நல்ல முத்தவல்லி அதற்காகச் சினம் கொள்வதில்லை. ரசீதை எடுத்து நீட்டுகிறார். பள்ளியின் பொருள் அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு. இதில் நமக்குள் ஐயமில்லை.

அவ்வாறு கேட்ட அதே மனிதர் பள்ளியை விட்டு வெளியேறித் தம் தெருவுக்குள் நுழைகிறார். சென்ற கோடையில் போட்ட சாலை முதல் மழைக்கே பெயர்ந்து கிடக்கிறது. கைலியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டுகிறார். அந்தச் சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, எத்தனை அங்குலக் கனம் போடச் சொன்னார்கள், அளந்து கையொப்பமிட்டவர் யார் என்று அவர் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. பாய்க்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த நமக்குப் பாதைக்குக் கணக்குக் கேட்க நா எழாதது ஏன்?

இதற்கு நாம் சொல்லும் சமாதானங்கள் நான்கு. நான்கையும் நேர்மையாக எடைபோட்டுப் பார்ப்போம்.

"அது அரசாங்கப் பணம், நமக்கென்ன?" என்பது முதலாவது. அரசாங்கத்துக்கென்று தனியே ஒரு பணம் ஏது? வீட்டுவரி நாம் கட்டியது. கடையில் வாங்கும் சோப்புக்கட்டியின் விலைக்குள் வரி ஒளிந்திருக்கிறது. அதைக் கூலிக்காரியும் கொடுக்கிறாள், கோடீசுவரனும் கொடுக்கிறான். கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமையில்லை என்று சொல்லும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.

"அதற்கென்று தணிக்கைத் துறை இருக்கிறதே!" என்பது இரண்டாவது. இருக்கிறது, அதன் பணியை நாம் குறைத்துப் பேசவில்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் அரசியல் சட்டப்படி இயங்குகிறார். உள்ளாட்சிகளின் ஏட்டைப் பார்க்க மாநிலத்தில் தனித்துறையும் உண்டு. ஆனால் ஏட்டோடு ஏட்டை ஒப்பிடத்தான் அவர்களால் பெரிதும் இயலும். ஏட்டை மண்ணோடு ஒப்பிடுவது யார்? மேலூர்ப் பக்கத்திலோ திருமங்கலம் பக்கத்திலோ ஒரு கண்மாயை ஆழப்படுத்தியதாகக் கணக்கு எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தணிக்கையாளர் வருவதற்குள் மழை பெய்து கண்மாய் நிறைந்துவிடுகிறது. தண்ணீருக்கு அடியில் எத்தனை அடி மண் வெட்டப்பட்டது என்பதை அவர் எதைக் கொண்டு அளப்பார்? மண்வெட்டி பிடித்த பெண்ணுக்கு அது தெரியும். அன்று வேலைக்கு வந்தவர் எத்தனை பேர், வராமலே பெயர் பதிந்தவர் எத்தனை பேர் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளைச் சாட்சியாக அழைக்காத தணிக்கை பாதித் தணிக்கையே.

"எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன தணிக்கை செய்யப் போகிறார்கள்?" என்பது மூன்றாவது. இதற்கு மறுமொழி இராசஸ்தானத்தில் இருக்கிறது. 1990இல் அங்கே உழவரும் கூலியாளரும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினர். 1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில் அவர்கள் மக்கள் விசாரணை ஒன்றைக் கூட்டினார்கள். அவர்கள் கையாண்ட முறை எளிது. ஊராட்சி வேலைகளின் கூலிப்பட்டியலை மக்கள் நடுவில் உரக்கப் படித்தார்கள். பெயருக்குரியவர் எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவில்லை", "எனக்கு அவ்வளவு கூலி தரவில்லை" என்று சொன்னார். படிக்க ஒருவர் போதும். உண்மை சொல்ல எழுத்தறிவு தேவையில்லை. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் அமர்ந்து அவர்கள் கேட்டதும் கணக்கைப் பார்க்கும் உரிமையைத்தான். நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது என்றால், அதன் வேர்களில் ஒன்று அந்தக் கூலிப்பட்டியலில் இருக்கிறது. நம் தமிழகம் 1997இலேயே, விதிவிலக்குகள் மலிந்ததாயினும், இத்தகைய சட்டம் ஒன்றை முதன்முதலாக இயற்றிய மாநிலம் என்பதையும் மறத்தலாகாது.

"நாம் சிறுபான்மையினர், நமக்கேன் வம்பு?" என்பது நான்காவது. நம் வீட்டுத் திண்ணைகளில் மெல்லிய குரலில் சொல்லப்படுவதும், மெய்யாகவே நம்மைக் கட்டிப்போட்டிருப்பதும் இதுதான். சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது எந்தச் சமுதாயத்தார் வீடு என்று பார்த்தா அடைத்துக்கொள்கிறது? கணக்குக் கேட்காதவர் காலமெல்லாம் மனுவை ஏந்திக்கொண்டு நிற்கும் நிலையே வரும். மனுக் கொடுப்பவர் தயவை எதிர்பார்க்கிறார். கணக்குக் கேட்பவர் தமக்குரியதை விசாரிக்கிறார். பக்கத்துத் தெருக்காரரோடு தோளொட்டி நின்று ஒரே சாலைக்குக் கணக்குக் கேட்கும் நாளில் நாம் சிறுபான்மையல்லர், ஊரார்.

சட்டம் நமக்கு வழி திறக்காமலும் இல்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், கிராம சபையே வேலைகளைக் கண்காணித்துச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும், வருகைப் பதிவேடு, ரசீது, அளவுப் புத்தகம் அனைத்தையும் ஊராட்சி அதன் முன் வைக்க வேண்டும் என்று விதித்தது. 2011இல் வந்த விதிகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் அது நடக்க வேண்டும், வேலையை நடத்துவோர் அதில் தலையிடலாகாது, தணிக்கையாளர் அதே ஊராட்சியைச் சேர்ந்தவராயிருத்தலாகாது என்று வேலியும் கட்டின. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம், நாள்கணக்கு மாறலாம். உழைத்தவர் முன் கணக்கை விரித்து வைக்கும் கடமை மட்டும் மாறலாகாது.

ஆயினும் நடைமுறையில் நாம் கண்டது என்ன? மதுரையை அடுத்த ஓர் ஊரின் தணிக்கைக் கிராம சபை நம் கண்முன் நிற்கிறது. மரத்தடியில் விரிப்பு, சபை நிறைவதற்கு வேண்டிய தொகையைக் காட்ட வேலைத்தளத்திலிருந்து அழைத்துவரப்பட்ட பெண்கள், விரைந்து வாசிக்கப்பட்ட ஓர் அறிக்கை, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றொரு கேள்வி, கைமாறிச் சென்ற கையெழுத்து ஏடு. கேள்வி எழுப்ப வாயெடுத்த மூதாட்டியைப் பக்கத்திலிருந்தவளே, "நாளைக்கு வேலை வேண்டாமா, ஆத்தா?" என்று அடக்கினாள். அந்த அச்சத்தை வளர்த்தவர்கள் குற்றவாளிகள். வேலைக்குப் போக வேண்டிய தேவையும், எவர் வாய்க்கும் அஞ்ச வேண்டிய நிலையும் இல்லாமலிருந்தும் அந்தச் சபைக்குப் போகாத நாம் என்ன நிரபராதிகளா?

நகரத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2025இல் மதுரை மாநகராட்சியில் சொத்துவரி விதிப்பு முறைகேடு பற்றிய புலனாய்வு நடந்தது. கட்டடங்களுக்குரிய வரி கணக்கிலே குறைத்துப் பதியப்பட்டது என்பது குற்றச்சாட்டு. கைதுகள் நடந்தன, ஜூலையில் மண்டலத் தலைவர்களும் அக்டோபரில் மேயரும் பதவி விலகினர். குற்றவாளி யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு தெருவின் வரிப்பட்டியலும் அந்தத் தெருவிலேயே ஆண்டுக்கொருமுறை உரக்கப் படிக்கப்பட்டிருந்தால், மூன்று மாடிக் கட்டடத்துக்குக் குடிசைக்குரிய வரி என்பது எதிர்வீட்டுக்காரரின் காதுக்குத் தப்பியிருக்குமா? வரவுக்குச் சொன்னது செலவுக்கும் பொருந்தும். மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் பகுதி சபை கூட்டுவதற்கான விதிகள் 2022இல் வந்துவிட்டன. நம்மில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறோம்?

கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டியிலும் சுற்றூர்களிலும் மக்கள் கிராம சபை கூடி டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று தீர்மானித்தார்கள், போராடினார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலம் இரத்தாயிற்று. மலையைக் காக்கக் கூடத் தெரிந்த மக்களுக்கு, மடையின் கணக்கைக் கேட்கக் கூடத் தெரியாதா?

இது வேற்று நாட்டிலிருந்து இரவல் வாங்கிய வழக்கமுமன்று. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது என்று தடுத்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, "எல்லாருக்கும் ஒரு துணிதானே பங்கு வந்தது, உங்களுக்கு மட்டும் இவ்வளவு நீள அங்கி எப்படி வந்தது?" என்று சாமானியர் ஒருவர் கேட்ட நிகழ்ச்சியை நம் பிள்ளைகளும் அறிவர். கலீபா சினக்கவில்லை. மகனார் அப்துல்லாஹ் எழுந்து, தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாகச் சாட்சி சொன்னார். அதன் பின்னரே கேட்டவர் அமர்ந்தார். இதைப் பயான்களில் கேட்டுக் கண் கலங்குகிறோம். ஆனால் அந்தக் கேள்வி கேட்டவரின் இடத்தில் நம்மை ஒருநாளும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

ஆகவே பேச்சை நிறுத்திச் செயலுக்கு வருவோம். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதினால் 30 நாளில் மறுமொழி தர வேண்டும். ஏட்டைப் பார்வையிடலாம், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூடப் பெறலாம். ஜமாஅத்துக்கு ஓர் இளைஞர், தெருவுக்கு ஒரு பெண்மணி என்று இருவர் முன்வந்தால் போதும். அடுத்த சபைக்கு நாம் போவோம். பிள்ளைகளையும் அழைத்துப் போவோம். நம் கண்முன் வாய்மூடிய அந்த மூதாட்டியின் பக்கத்தில் நாம் அமர்ந்திருந்தால், அடுத்த முறை அவள் தன் கேள்வியை முடிப்பாள்.

மறுமையின் கேள்விக் கணக்கை நம்புகிறவர்கள் நாம். இம்மையில் ஒரு சாலைக்குக் கணக்குக் கேட்க அஞ்சலாமா?