பாட்டியின் பெயர் என்ன?

கோடை வந்துவிட்டால் நார்வேயின் மேற்குக் கரையோரச் சாலையில் ஒரு தனி ரகப் பிரயாணிகளைப் பார்க்கலாம். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் இடங்களில் காரோடு படகேறி அக்கரை சேருவார்கள்; அருவிகளைக் கண்டு அதிசயிப்பார்கள். ஆனால் அவர்கள் கண் தேடுவது சாலையோரக் கைகாட்டியைத்தான். அதில் அவர்களுடைய குடும்பப் பெயரே எழுதியிருக்கும்!

அவர்கள் அமெரிக்காவிலிருந்து பூர்விகம் தேடி வந்தவர்கள். 1825-ல் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ஒரு சின்னஞ்சிறு பாய்க்கப்பலில் 52 பேர் புறப்பட்டார்கள். நியூயார்க்கில் இறங்கும்போது 53 பேர். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது! அடுத்த நூறு ஆண்டுகளில் 8 லட்சம் பேருக்கு மேல் அமெரிக்கா போனார்கள். காரணம்? நார்வேயில் பயிராகும் நிலம் நூற்றுக்கு 3 பங்குதான். பண்ணை பெரும்பாலும் மூத்த மகனுக்கு, இளையவர்களுக்குக் கப்பல்!

பெயரில்தான் சூட்சுமம். ஹான்ஸின் மகன் ஓலே என்றால், அந்நாளில் அவன் ஓலே ஹான்சன். கூடவே, குடியிருந்த பண்ணையின் பெயரும் சேரும். 'பாக்கெ' என்றால் மேடு. 'டால்' என்றால் பள்ளத்தாக்கு. பண்ணை மாறினால் பெயரும் மாறும். ஆகவே, அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு ஒரு பெயர் இருக்கலாம். கைகாட்டியில் பெயரைக் கண்டதும் அங்குள்ளவர்களை உறவு கொண்டாட அவசரப்படக் கூடாது! 1923-ல் சட்டம் வந்த பிறகுதான் குடும்பப் பெயர் நிலைபெற்றது.

பெண்கள் சங்கதி இன்னும் சுவாரசியம். ஹான்ஸின் மகள் அன்னா ஹான்ஸ்டத்தர். கல்யாணமானாலும் அந்தப் பெயர் மாறாது. நிலத்தில் மட்டும் மகனுக்குப் பிறகுதான் மகள். அங்கே சம உரிமை தந்த சட்டம் 1974-ல்தான் வந்தது. அமெரிக்கா போன அன்னாவோ, பெயரையும் இழந்து கணவன் பெயருக்குள் மறைந்து போனாள். அங்கே அவள் கல்லறையைப் பார்த்தால் பிறந்த வீடு தெரியாது. நார்வேயின் மாதாகோயில் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு அப்படியே இருக்கிறாள். தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் பதிவேடுகளை இன்று இணையத்தில் போட்டிருக்கிறது. காரைக் கிளப்புமுன் அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் சரியான பண்ணை வாசலில் போய் இறங்குகிறார்கள்.

இருக்கட்டும், சகோதரிகளே! உங்கள் பாட்டியைப் பெற்றவளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அதற்குக் காரும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.