ஆற்றுப்படுத்த மறந்தவர்கள்

சென்ற மாதம் நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் துறைக்கு வந்திருந்தார். தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஐந்தாண்டுகள் ஆகின்றன. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் இதுவரை விண்ணப்பித்த கல்லூரிகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார், இருபத்தேழு பெயர்கள். ஒன்பது இடங்களில் நேர்காணல் வரை போயிருக்கிறார். நாம் வழக்கமாகச் சொல்வதையே அவரிடமும் சொன்னோம். மனம் தளராதீர்கள், காலம் கனியும், கற்ற தமிழ் கைவிடாது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "ஐயா, தைரியம் இருக்கிறது. வழிதான் தெரியவில்லை. நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்."

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பில் பத்துப்பாட்டு நடத்துகிறோம். பத்தில் ஐந்து ஆற்றுப்படை என்றும், முருகனிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்று நீங்கலாக ஏனைய நான்கும் வறுமையில் உழலும் கலைஞனைப் புரவலனிடம் வழிப்படுத்துவன என்றும் குறிப்பெடுக்கச் சொல்கிறோம். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் பெறாமல் வருகிறவனை வழியில் கண்டு, தான் பெற்ற இடத்தையும் போய்ச்சேரும் நெறியையும் எடுத்துரைப்பது என்று தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்த இலக்கணத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஆனால் வேலை தேடி அலைகிற ஒருவர் நேரில் வந்து நின்றபோது அவருக்கு நாம் கொடுத்தது ஓர் ஆறுதல் வாக்கியம் மட்டுமே.

வேலை தேடுகிறவருக்கு ஊக்கம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்கள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. அவை அனைத்தும் ஊக்கத்தை ஒருவர் தமக்குள்ளிருந்தே ஊறச் செய்துகொள்ள வேண்டிய நீராகவே பேசுகின்றன. நமக்கு இதில் உடன்பாடில்லை. நெடுங்காலம் வேலை கிடைக்காதவரின் ஊக்கம் வற்றுவதற்குக் காரணம் அவருடைய மனத்திண்மைக் குறைவு அன்று. எந்தத் திசையில் நடந்தாலும் அது வழிதானா என்று தெரியாமை.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2024 ஜூன் 18 அன்று நடந்த தேசியத் தகுதித் தேர்வு மறுநாளே இரத்துச் செய்யப்பட்டு, ஆகஸ்ட் 21 தொடங்கி மீண்டும் நடத்தப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. தேர்வோ அறிவித்த நாளில் நடைபெறவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வருகிறவர்களுக்கு அந்தப் புதுப்பித்தலே ஒரு சடங்காகிவிட்டது. இந்நிலையில் ஒருவர் சோர்ந்துபோனால் அதை அவருடைய குறை என்று எப்படிச் சொல்வது?

நாம் உள்ளே வந்த கதையை இனிச் சொல்லியாக வேண்டும். முதுகலை முடித்த பின் மூன்றாண்டுகள் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்களுக்குத் தமிழ் நடத்தினோம். மாலையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினோம். 2005ஆம் ஆண்டு, நம்மினும் இரண்டாண்டு மூத்தவர் ஒருவர் எழுதிய இன்லாண்டு கடிதம் ஒன்று வந்தது. அவர் பணியாற்றிய சுயநிதிக் கல்லூரியில் ஓரிடம் காலியாகப் போகிறது, விளம்பரம் வராது, மே முதல் வாரத்தில் நேரில் வந்து விண்ணப்பம் கொடு என்று எழுதியிருந்தார். மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், நன்னூல் சொல்லதிகாரத்தை நன்கு பார்த்துக்கொள் என்றும், சம்பளம் மாத முதலில் வராது, கைச்செலவுக்கு வைத்துக்கொண்டு வா என்றும், எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்றும் மடிப்பின் ஓரம் வரை நெருக்கி எழுதியிருந்தார். அதில் ஊக்கமூட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதை வாசித்த மாலையில் நமக்கு வந்த தெம்பு அதற்கு முன்போ பின்போ வந்ததில்லை.

மலைபடுகடாம் செய்வதும் இதுதான். நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு அவனுடைய கொடையை மட்டும் அது சொல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், பாம்புகள் உறையும் குழிகள் உண்டு, யானையை விரட்டத் தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் வந்து விழும், வழுக்கும் இடங்களில் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்றெல்லாம் அடிக்கு அடி எச்சரிக்கிறது. எந்த ஊரில் யார் சோறிடுவார் என்பதையும் சொல்கிறது. போய் வந்தவனால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

ஆற்றுப்படையின் உள்நோக்கம் புரவலனைப் புகழ்வதே என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும். அந்த வடிவம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதையே நாம் சுட்ட விரும்புகிறோம். அது தேடுகிறவனை நோக்கிப் பேசுகிறது. மேலிடத்தில் ஒருவருக்காகச் சொல்லிவைப்பது பரிந்துரை. அதில் இன்னொருவருடைய இடம் பறிபோகலாம். வழியைச் சொல்வதில் யாருக்கும் இழப்பில்லை. நம்மில் பலர் பரிந்துரைக்கு அஞ்சி வழிகாட்டலையும் சேர்த்தே கைவிட்டுவிட்டோம். வேறு சிலருக்கு, நாம் பட்டது அவர்களும் படட்டுமே என்ற எண்ணமும் உண்டு. நம்மிடமும் அது சிறிதளவு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

தேடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியவை உள. சிறுபாணாற்றுப்படையில் வறுமையுற்ற வீட்டில் உப்பின்றி வெந்த கீரையை உண்பதற்கு முன், புறம்பேசுவோர் கண்ணில் படாமல் இருக்கக் கதவை அடைக்கிறாள் ஒருத்தி. வேலையில்லாதவர்கள் திருமண வீடுகளைத் தவிர்ப்பதும், பழைய நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் விடுவதும் அதே கதவடைப்புத்தான். அந்த நாணம் நமக்குப் புரிகிறது. ஆனால் அடைத்த கதவுக்குள் எந்தப் பாணனும் வந்து வழி சொல்ல மாட்டான். நம் மாணவர் கதவைத் திறந்துகொண்டு வந்து கேட்டார். அதுவே அவர் செய்த மிகச் சிறந்த முயற்சி.

மற்றொன்று, ஒரே தேர்வை நம்பிப் பத்தாண்டுகளைப் பணயம் வைக்க வேண்டாம். தமக்குத் தாமே ஒரு கெடு வைத்துக்கொள்வது தோல்வி ஆகாது. இடைக்காலத்தில் மெய்ப்புத் திருத்துவதும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இழிவல்ல. கையும் நாவும் தொழிலில் இருக்கும். நேர்காணலில் கேட்ட கேள்விகளை அன்றே எழுதி வைத்தால் பத்தாவது நேர்காணல் முதலாவதைப் போல இராது.

புறக்கணிப்பைத் தகுதியின் மீதான தீர்ப்பாகக் கொள்ளவும் வேண்டாம். தம்மை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். காணாமல் தந்த பொருளுக்கே அவர் மதிப்பளிக்கவில்லை என்றால், கோப்பைப் பிரித்துக்கூடப் பாராமல் வந்த மறுப்புக்கு நாம் ஏன் அவ்வளவு மதிப்பளிக்க வேண்டும்?

மறுவாரம் அந்த மாணவரை அழைத்தோம். அவருடைய நோட்டை வாங்கி, இருபத்தேழு பெயர்களில் நமக்குத் தெரிந்த பதினொன்றுக்கு எதிரே தெரிந்ததையெல்லாம் எழுதினோம். எங்கே மாதிரி வகுப்பு, எங்கே இலக்கணம் கேட்பார்கள், எங்கே ஊதியம் இழுத்தடிப்பார்கள், எந்தக் கல்லூரிக்குப் போகவே வேண்டாம் என்பது உட்பட. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் புறப்படும்போது, வரும் மே மாதம் முதலில் எங்கே போவது என்று அவரே வரிசை எண் இட்டுக்கொண்டிருந்தார்.

பணியில் இருக்கும் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்குப் பின் வருகிற ஒருவருக்கு, நீங்கள் வந்த வழியை மேடு பள்ளங்களோடு இவ்வாரம் எழுதி அனுப்புங்கள். வாழ்த்துச் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.