கைவிடப்பட்ட வாலிபர் பிழைத்தது எப்படி?

“புற்று முற்றிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.” இந்தப் பேச்சைக் கேளாத ஆலைக் குடியிருப்பு உண்டா? கேளாத கிராமம் உண்டா? புற்று என்று சொன்னதுமே பாடையைப் பற்றி நினைப்பதுதான் விவரம் தெரிந்தவர்களின் வழக்கம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது விவரமல்ல; பழகிப்போன பயம். அந்தப் பயத்தைப் பொய்யாக்கிய ஒரு வாலிபரின் வரலாற்றை உழைப்பாளி மக்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தவர் ஜான் கிளீலண்ட். இருபது வயதைச் சற்றே தாண்டியவர். 1973ஆம் ஆண்டில் அவருக்கு விரையில் புற்று கண்டது. அறுவை செய்தார்கள், நோய் நிற்கவில்லை. நுரையீரல் வரை பரவியது. அன்று கைவசமிருந்த மருந்துகளை ஏற்றிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த நோய் இவ்வளவு தூரம் பரவிவிட்டால் பத்துப் பேரில் ஒருவர் பிழைப்பதே அரிது. அவருடைய கதையும் முடிந்தது போலத்தான் இருந்தது.

1974ஆம் ஆண்டில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் டாக்டர் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார். அதன் பெயர் சிஸ்பிளாட்டின். ஏற்கெனவே வழக்கத்திலிருந்த வின்பிளாஸ்டின், பிளியோமைசின் என்னும் இரண்டு மருந்துகளோடு சேர்த்து அதைச் செலுத்தினார். குடலைப் பிடுங்கும் வாந்தி நோயாளியை வாட்டி எடுத்தது. ஆனால் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, நுரையீரலில் இருந்த கட்டிகள் மறைந்துபோயிருந்தன! அந்த வாலிபர் பிழைத்தார். பிற்காலத்தில் பள்ளி ஆசிரியரானார். பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

இது தெய்வாதீனமா? அதிர்ஷ்டமா? இரண்டுமில்லை. இதன் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. இந்த மருந்து பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து கிடைக்கும் ஒரு பொருள். 1840களிலேயே இத்தாலிய ரசாயன அறிஞர் பெய்ரோன் இதைச் செய்துவிட்டார். ஆனால் அது நோய்க்கு உதவும் என்று நூற்றிருபது ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது. 1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி பாக்டீரியாக் கிருமிகளின் ஊடே மின்சாரத்தைச் செலுத்திச் சோதனை செய்தார். கிருமிகள் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுவதை நிறுத்திவிட்டு, நூல் போல நீண்டுகொண்டே போயின. மின்சாரம் செய்த வேலையா இது? இல்லை. மின்சாரத்தைக் கொண்டுவந்த பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த பொருள்தான் காரணம் என்று துருவித் துருவிக் கண்டுபிடித்தார். கட்டுக்கடங்காமல் பிளந்து பெருகுவதுதானே புற்று! அப்படியானால் இந்தப் பொருள் அதையும் தடுக்குமல்லவா? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், கட்டி கரைந்தது. பிறகு அமெரிக்க அரசாங்கத்தின் தேசியப் புற்றுநோய்க் கழகம் சோதனைகளை எடுத்துக்கொண்டது. மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்து, அதைக் கைவிட்டுவிடலாமா என்னும் நிலை கூட வந்தது. நரம்பின் வழியே தாராளமாக உப்புநீர் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்று டாக்டர்கள் கண்டார்கள். 1978இல் மருந்து அங்கீகாரம் பெற்றது. இன்று விரைப்புற்று உடலில் பரவிய பின்பும் பத்தில் எட்டுப் பேர் அளவுக்குக் குணமடைகிறார்கள்.

முற்றிய புற்று எல்லாமே இப்படிக் குணமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஏமாற்று வேலை. ஆனால் எது குணமாகும், எது ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், அக்கம்பக்கத்தாரின் பயமல்ல. இதே சிஸ்பிளாட்டின் கதிர்வீச்சுச் சிகிச்சையோடு சேர்ந்து, நம் பெண்களைக் கொல்லும் கருப்பைவாய்ப் புற்றுக்கும், புகையிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்றுக்கும் இன்று பயன்படுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

முதல் தடை வெட்கம். விரைப்புற்று பெரும்பாலும் வாலிப வயதில் வருவது. வலியில்லாமல் கெட்டியாக ஒரு வீக்கம் தட்டுப்படும். ஓதம் என்று நினைத்து மறைப்பவர் உண்டு. அடிபட்ட வீக்கம் என்று பச்சிலை கட்டுபவர் உண்டு. மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார். தோழர்களே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கையில் கட்டி வந்தால் காட்டமாட்டோமா?

இரண்டாவது தடை கூலி. இந்த மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு சுற்றாக மூன்று, நான்கு சுற்று ஏற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். ஆனால் படுத்துவிட்டால் அடுப்பு எரிய வேண்டுமே! ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வழி உண்டு. புற்று போன்ற நீண்ட நோய்களுக்கு, உரிய காலம் வேலை செய்து சந்தா கட்டியிருந்தால், கூலியில் 80 சதவீதம் வரை, இரண்டாண்டு வரை நீட்டித்த நோய்க்கால உதவி கிடைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. சங்கத்தார் இதைத் தாமே முன்வந்து எடுத்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, பெற்றுத் தர வேண்டும்.

வயலில் உழைப்பவருக்கு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கும். இழந்த கூலியை ஏற்காது. நாற்று நடும் பெண் நோயில் விழுந்தால், அவள் வீட்டுக்கு அரிசி யார் கொடுப்பது? மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், பட்டினிக்கு அஞ்சி அவள் பாதியில் எழுந்து வேலைக்குப் போவாளானால், அவளைக் கொல்வது புற்று மட்டுமல்ல. சிகிச்சைக் காலத்துக்கு விவசாயத் தொழிலாளிக்கும் கூலி ஈடு வேண்டும். இதை நாம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

அதுவரை ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு கிராமத்திலும் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. வீக்கம் கண்டவரை, ஆறாத புண் கண்டவரை, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை தொடங்கியவர் அதை முடிக்கும்வரை அவர் வீட்டுப் பாரத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொள்ளுங்கள். கைவிடப்பட்ட ஒரு வாலிபரைப் பல பேருடைய உழைப்பு காப்பாற்றியது. நம்மில் ஒருவரைக் காப்பாற்ற நம் உழைப்பும் தேவைப்படுகிறது.