கேமார்ட்டில் கமடோர் 64

கமடோர் 64 கணினி 1982-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதன் விலை 595 டாலர். அடுத்த ஆண்டே ஏறத்தாழ 200 டாலருக்கு இறங்கிவிட்டது. அப்புறம் எத்தனையோ புதிய கணினிகள் வந்தும், 1994-இல் கமடோர் நிறுவனம் திவாலாகும் வரை இது உற்பத்தியிலேயே இருந்தது. மலிவு, அதனால் விற்றது என்பார்கள். பாதிதான் உண்மை.

மலிவுக்குக் காரணம் தெளிவு. சிப் தயாரிக்கும் மாஸ் டெக்னாலஜி ஆலை கமடோரின் கையிலேயே இருந்தது. விலைப்போரில் தாக்குப்பிடிக்க முடியாமல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983-லேயே வீட்டுக் கணினித் தொழிலை விட்டு விலகியது. ஆனால் விலை மட்டுமே போதுமென்றால், 1984-இல் வந்த பிளஸ்/4 ஏன் படுத்தது? அதுவும் கமடோர்தான், அதுவும் அடக்கமான விலைதான். 64-க்கு எழுதிய விளையாட்டுகள் அதில் ஓடாது, அவ்வளவுதான்.

64, கேமார்ட் போன்ற பல்பொருள் கடைகளிலும் விற்றது. அப்படிப்பட்ட கடைக்கு, ஏற்கெனவே பலருக்கும் பழகிய கணினி பொருந்திப்போனதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் விசைப்பலகையோடு சேர்ந்த கணினி, மின்சாரம் தரும் கனத்த அடாப்டர், தொலைக்காட்சியில் செருகும் கேபிள். டிஸ்க் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். அதன் விலையும் கணினியின் விலைக்குக் குறைந்ததல்ல. மாட்டி முடித்தாலும் ஒரு விளையாட்டு ஏற நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொம்மையும் போர்வையும் விற்கிற ஊழியரிடம் இதையெல்லாம் கேட்டுப் பயனில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை. நண்பன் வீட்டில் விளையாடிவிட்டு வந்த பையன் அப்பாவுக்கே பாடம் எடுத்துவிடுவான். பழகிய பொருள் தன்னைத்தானே விற்றுக்கொள்ளும்.

பெரிய கடைகளில் நடந்த இந்த விற்பனைக்கான விலையைக் கொடுத்தவர்கள் கணினி மட்டுமே விற்ற சிறு முகவர்கள். அவர்கள் மொத்த விலைக்கு எடுத்த சரக்கை, அதைவிடக் குறைவாகப் பெரிய கடைகள் சில்லறையில் தள்ளின. செய்து காட்டியதும் சந்தேகம் தீர்த்ததும் இவர்கள். பில் போட்டது அங்கே. கமடோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

1985-இல் கமடோரின் புதிய கணினியான அமிகா வந்தது. விலை 1,295 டாலர். வண்ணம், ஒலி, ஒரே நேரத்தில் பல வேலை எல்லாம் உண்டு. யாராவது போட்டுக் காட்டினால்தான் புரியும். கமடோர் மறுபடி முகவர்களைத் தேடிப் போனது. 64-இல் கையைச் சுட்டுக்கொண்டவர்களோ, கமடோர் என்றாலே தயங்கினார்கள்.