வெட்டத்தான் வேண்டுமா?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளந்து பார்க்காத வல்லரசு அரிது. போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர். ஆங்கிலேயர் 1957 வரை தம் கடற்படையை இங்கே நிறுத்தியிருந்தனர். அவர்கள் சீனக்குடாவில் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளுக்காக 2022இலும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆனால் இக்கரையில் மீன் விற்கும், தையல் தைக்கும், பாடம் படிப்பிக்கும் பெண்களின் கழுத்தில் எழும் சிறு கட்டியை அளந்து, அதன் கதையை இறுதிவரை பின்தொடர்ந்து எழுத எவருக்கும் அவசரம் இருந்ததில்லை.

ஊர்க்காரர் கொண்டுவரும் ஆங்கிலக் காகிதங்களை வாசித்துச் சொல்வதும் ஆசிரியரின் வேலை என்பது எம் பகுதியின் வழக்கம். அண்மையில் ஒரு மாணவியின் தாய் ஒரு ஸ்கேன் அறிக்கையை எம்மிடம் நீட்டினார். உடல் முழுவதையும் சோதிப்பதாகச் சொல்லும் சலுகை விலைத் திட்டமொன்றில் எடுக்கப்பட்ட படம் அது. கேடயச் சுரப்பியில் எட்டு மில்லிமீற்றர் அளவில் ஒரு முடிச்சு. சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுவது நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைவளையலை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்ட அந்தத் தாய், “சேர், இதில என்ன எழுதிக்கிடக்கு? வெட்டத்தான் வேணுமா?” என்று கேட்டார்.

நாம் தமிழ் படித்தவர்கள், வைத்தியம் படித்தவர்களல்லர். அவருடைய கழுத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கில்லை. தகுந்த வைத்தியரிடம் போகும்படி மட்டுமே சொன்னோம். ஆயினும் அந்தத் தாய் கேட்ட அதே கேள்வியைத்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் சிறந்த ஆய்வாளர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். விடையின் பெரும்பகுதியும் கிடைத்துவிட்டது. அது அவரை எட்டாமல் நிற்பது தற்செயலன்று என்பதே எம் வழக்கு.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி போல் அமர்ந்திருக்கும் இச்சுரப்பி, தைரொக்சின் என்னும் ஓமோனைச் சுரந்து உடலின் வேகத்தை ஆள்கிறது. அது குறைந்தால் சோர்வும் வீக்கமும் மந்தமும். மிகுந்தால் படபடப்பும் மெலிவும். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்துச் சத்திர வைத்தியர் தியோடர் கொக்கர், கண்டக்கழலையை வெட்டி எடுப்பதில் ஈடிணையற்றவர். அவர் தம் பழைய நோயாளிகளை மீண்டும் அழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுவதையும் இழந்தவர்கள் உடல் வீங்கி, அறிவு மங்கிப் போயிருந்தார்கள். தம் கத்தி செய்த கேட்டை 1883இல் அவரே உலகறியச் சொன்னார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ ஆய்வு என்பதன் உயிர்நாடி இதுதான்: வெட்டியவனே திரும்பிப் போய், ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பது; கிடைத்த விடை தனக்கு எதிராக இருந்தாலும் எழுதி வைப்பது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2019ஆம் ஆண்டுக்குரிய கணக்கின்படி, பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்புப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் கேடயச் சுரப்பிப் புற்றுநோய்க்கே. இந்த எண்ணைக் கண்டவுடன் இருவகைக் கூச்சல் எழுகிறது. ‘எல்லோரும் உடனே ஸ்கேன் எடுங்கள்’ என்று வியாபாரி கூவுகிறான். ‘எல்லாம் விதி’ என்று பழமைவாதி முனகுகிறான். இரண்டும் மக்களைச் சிந்திக்கவிடாத குரல்களே.

வியாபாரியின் குரலுக்குத் தென்கொரியா விடை சொல்லியிருக்கிறது. 1999இல் அங்கே அரசு புற்றுநோய்ச் சோதனைத் திட்டமொன்றைத் தொடங்கியது. கேடயச் சுரப்பி அதில் இல்லை. ஆனால் சிறு கட்டணத்துக்குக் கழுத்தையும் படம் பிடித்துத் தருகிறோம் என்று வைத்தியசாலைகள் முன்வந்தன. 2011இல் இந்நோய் கண்டறியப்பட்டோரின் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. அந்நோயால் இறந்தோரின் வீதமோ அசையவில்லை. ஆயிரமாயிரம் பேர் சுரப்பியை இழந்து ஆயுள் முழுதும் மாத்திரைக்கு அடிமையானார்கள். சத்திர சிகிச்சை பெற்ற 15,000க்கு மேற்பட்டோரின் காப்புறுதிக் கணக்கை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 11 பேர் உடலின் கல்சியத்தை ஆளும் சிறு சுரப்பிகளின் தொழிலை இழந்திருந்தனர். நூற்றுக்கு இருவருக்குக் குரல்நாண் செயலற்றிருந்தது. 2014இல் மனச்சாட்சியுள்ள வைத்தியர்கள் திரண்டு இதை எதிர்த்த பின்பே வெட்டு குறைந்தது.

இந்த மாயம் எப்படி நடந்தது? பின்லாந்தில் 1985இல் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் சுரப்பிகளை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் சிறு புற்றுக் கட்டிகள் ஒளிந்திருந்தன. அவற்றோடு வாழ்ந்து, அவை உண்டென்று அறியாமலே மாண்டவர்கள் அவர்கள். தேடினால் கிடைப்பதெல்லாம் கொல்வதல்ல. ஜப்பானின் கோபே நகரத்திலுள்ள கூமா வைத்தியசாலையில் அக்கிரா மியாவுச்சியும் அவர் தோழரும் 1993 முதல், ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத அபாயம் குறைந்த கட்டிகளை வெட்டாமல் கவனித்து வந்தனர். பத்தாண்டுக் கவனிப்பில் பெரிதானவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அவ்வாறு கவனிக்கப்பட்டவர்களில் அந்நோயால் இறந்தவர் எவருமில்லை.

வெட்டிய பின் கொடுக்கும் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனின் கதையும் இதுவே. 2012இல் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் வெளிவந்த இரு ஆய்வுகள், அபாயம் குறைந்த நோயாளருக்கு வழக்கமான அளவில் மூன்றிலொரு பங்கிலும் குறைவானதே போதும் என்று காட்டின. 2022இல் பிரான்சில் 776 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, அபாயம் குறைந்த நோயாளருக்கு அதுவும் இன்றியே மூன்றாண்டுகள் பழுதின்றிக் கழிந்ததைக் காட்டிற்று. குறைத்துச் செய்தாலும் போதும் என்று நிரூபிக்கும் ஆய்வுக்கு மருந்து விற்பவன் பணம் தருவானா? மக்களின் பணத்தில், மக்களின் வைத்தியசாலைகளில் நடக்கும் ஆய்வே அந்த உண்மையைச் சொல்லத் துணியும்.

‘அப்படியானால் கட்டியைப் பற்றிக் கவலை வேண்டாமோ?’ என்று கேட்பவருக்கு உறுதியாகச் சொல்கிறோம்: வேண்டும். வேகமாக வளரும் கட்டி, காரணமின்றிக் கம்மும் குரல், விழுங்கும்போது தடை, கழுத்தின் பக்கத்தில் திரளும் நெறி, குடும்பத்தில் முன்பு இந்நோய் இருந்தமை ஆகியவை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். சில மாதங்களில் உயிரைக் குடிக்கும் வகையும் இப்புற்றுநோயில் உண்டு. இங்கேதான் அநீதியின் மறுமுகத்தைக் காண்கிறோம். நகரத்தில் எட்டு மில்லிமீற்றர் முடிச்சுக்கு வளையல் அடகு போகிறது. மூதூருக்கும் வெருகலுக்கும் அப்பாலோ, கோழிமுட்டை அளவுக் கட்டிக்கு நூல் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒருநாள் கூலியை இழந்து, 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் கடந்து மகரகமவுக்குப் போய்வர அவர்களால் எத்தனை முறை இயலும்? பணம் உள்ள இடத்தில் தேவைக்கு மிஞ்சிய வைத்தியம். இல்லாத இடத்தில் தேவைக்கும் எட்டாத வைத்தியம். இவ்விரண்டும் ஒரே சந்தை பெற்ற இரட்டைப் பிள்ளைகள்.

‘ஏழை நாட்டுக்கு ஆய்வு எதற்கு? வெளிநாட்டான் கண்டுபிடித்ததைப் பின்பற்றினால் போதாதா?’ என்பார் உளர். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கை அவர்கள் நினைக்கட்டும். 1956 முதல் வைத்தியர் ராமலிங்கசுவாமியும் தோழரும் அங்கே சில பகுதிகளுக்கு அயடீன் சேர்த்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துக் கண்டக்கழலையைக் கணக்கிட்டனர். அயடீன் உப்பு உண்டவரிடையே நோய் குறைந்தது. 1962இல் இந்தியா அதைத் தேசியத் திட்டமாக்கியது. இலங்கையில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. நிலாவெளி, குச்சவெளி உப்பளங்களின் ஓரம் வாழும் நாம் ஒன்றை அறியவேண்டும்: கடலில் விளைந்ததாயினும் வெறும் உப்பில் அயடீன் மிகச் சொற்பம். அதைச் சேர்த்தாக வேண்டும் என்ற அறிவு ஏழை மக்களிடையே நடந்த ஆய்வுகளால் வலுப்பெற்றது. சாதாரண உப்புக் கிடைத்த பகுதியார் விளங்கிச் சம்மதித்தார்களா என்று கேட்பதும் இன்று நம் கடமை.

ஏனெனில் மக்களைச் சோதனை எலிகளாக்கும் ஆய்வை நாம் கேட்கவில்லை. 1964இல் ஹெல்சிங்கியில் உலக வைத்தியர் சங்கம் வகுத்த நெறி, நோயாளியின் சுதந்திரமான சம்மதத்தை வற்புறுத்துகிறது. விளங்காத மொழியில் இட்ட கையெழுத்து சம்மதமாகுமா? 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே சம்மதப் பத்திரமும் சோதனை அறிக்கையும் தமிழில் கிடைப்பது சலுகையன்று, உரிமை.

எம் கோரிக்கைகள் எளியவை. சுரப்பியை வெட்டிய ஒவ்வொருவரையும் ஆண்டுதோறும் அழைத்து நலம் கேட்டு எழுதும் பதிவேடு ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் வேண்டும். வெட்டாமல் கவனிக்கத்தக்க கட்டிகளை ஊரிலேயே கவனிக்கும் கிளினிக் வேண்டும். சலுகை விலை ஸ்கேன் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வு முடிவுகள், யாரை ஆராய்ந்தார்களோ அந்த மக்களின் மொழியில் அவர்களிடமே திரும்ப வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இதில் நமக்கும் வேலையுண்டு. உயிரியல் பாடத்தில் சுரப்பியின் படத்தை வரைவிப்பதோடு நில்லாமல், ‘வெட்டாவிட்டால் என்ன ஆகும்? வெட்டினால் என்ன இழப்பேன்? இந்தச் சோதனையால் யாருக்கு இலாபம்?’ என்று கேட்கும் பழக்கத்தையும் படிப்பிப்போம். ஊர்க்காரர் நீட்டும் காகிதத்தை வாசித்துச் சொல்லும் பொறுப்பு எப்படியும் நம்மிடம் வருகிறது. அந்தக் காகிதத்தைத் தாமே வாசித்து, வைத்தியரின் முகத்துக்கு நேரே, “வெட்டத்தான் வேணுமா?” என்று நம் பெண்கள் கேட்கும் நாள் வரும்வரை அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க நமக்கு உரிமையில்லை.