வானம் விட்டால்தான் பயணம்

2013 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். அண்டார்டிகாவின் காமன்வெல்த் விரிகுடா அருகே ‘அகாதமிக் ஷொகால்ஸ்கி’ என்ற ரஷ்யக் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆஸ்திரேலிய ஆய்வுக் குழுவை ஏற்றிப்போன கப்பல் அது. மாலுமிகளையும் சேர்த்து 74 பேர். உதவிக்கு வந்த சீனாவின் ‘ஷுவே லோங்’ ஏறக்குறைய 6 கடல் மைல் தூரத்திலேயே நின்றுவிட்டது. அடுத்து வந்த ஆஸ்திரேலியக் கப்பலும் பனிக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் திரும்பிப் போனது.

சரி, சீனக் கப்பலில் ஹெலிகாப்டர் இருக்கிறதே? இருந்தது. வானம்தான் விடவில்லை. இன்று, நாளை என்று பயணம் தள்ளிக்கொண்டே போனது. மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இல்லை. புத்தாண்டு சமயத்தில் கைகோத்து நின்று, பனியைக் காலால் மிதித்து மிதித்தே இறங்குதளம் செய்துவிட்டார்கள்! ஜனவரி 2ஆம் தேதிதான் வானம் தெளிந்தது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 52 பேரை ஹெலிகாப்டர் கொண்டுபோய்ச் சேர்த்தது. 22 மாலுமிகள் கப்பலைக் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

“பக்கத்தில்தானே, ஒரே தாவாகப் பறக்கக் கூடாதா?” என்று நமக்குத் தோன்றும். மேகம் மூடிவிட்டால் அங்கே மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. நிழலே விழாது. தரை எங்கே இருக்கிறது என்று விமானியின் கண்ணுக்குத் தெரியாது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து விமானம் எரபஸ் மலையில் மோதி 257 பேர் மாண்டதற்கு இந்த வெள்ளை மயக்கமும் ஒரு காரணம். அந்த மலை இருக்கும் ரோஸ் தீவில்தான், நம் மலேசிய ஆய்வாளர்களுக்கு நியூசிலாந்து இடம் கொடுத்த ஸ்காட் தளமும் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அங்கே கிளம்பும் விமானம், வானிலை கெட்டால் பாதி வழியில் திரும்பிவிடும். அதற்குச் செல்லப்பெயர் ‘பூமராங்’.

அண்டார்டிகா ஒரு சில நாடுகளுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது என்று 1982இல் ஐ.நா.வில் பேசியவர், நம் கெடா அலோர்ஸ்டாரில் பிறந்த மகாதீர். மலேசியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2011இல்.

வானொலியில் வானிலை எச்சரிக்கை வாசித்து முடித்ததுமே, “மழைதானே, போய்ட்டு வந்துடலாம்லா” என்று சில நேயர்கள் செய்தி அனுப்புவார்கள். என் பாட்டி அப்படிச் சொல்ல மாட்டார். பீடோங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு கிடையாது. மீறிச் சீவினால் பால் கோட்டை விட்டு இறங்கி, மங்கில் விழாமல் பட்டை முழுக்க வழியும். காய்கிறதா என்று காத்திருப்பார்கள். காயாவிட்டால் வீட்டுக்கு. அன்றைய சம்பளமும் போச்சு. துருவத்தில் காத்திருப்பவருக்கு ஆய்வு நாள்கள்தான் வீணாகும். காத்திருந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

இன்னொரு சங்கதி. 52 பேரை மீட்ட ஷுவே லோங்கையும் பனி பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் ‘போலார் ஸ்டார்’ உதவிக்கு வந்துகொண்டிருந்தது. அது வந்து சேருமுன்னே காற்று திசைமாறி, பனி விரிசல்விட்டது. ஜனவரி 7ஆம் தேதி இரண்டு கப்பலும் தாமாகவே வெளியே வந்துவிட்டன.